ட்ரையல்ஸ் பைக் வச்சிருக்கீங்களா? எந்த பார்ட்ஸில் காசு மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது? முழு விவரம்

திருச்சி காட்டூர் வழியாகத் தஞ்சாவூர் சாலையில் போகும்போது எப்போதாவது ஒரு வித்தியாசமான புல்லட் கண்ணில் படும். சைலன்சர் மேல்நோக்கித் தூக்கியிருக்கும். பின் சீட் இருக்காது, அந்த இடத்தில் ஒரு கேரியர். டயரில் கட்டை கட்டையாக பேட்டர்ன். யாரோ ஆல்டர் செய்த வண்டி என்று பலர் நினைப்பார்கள். ஆனால் இது கம்பெனியே போட்ட மாடல். பெயர், ராயல் என்ஃபீல்டு புல்லட் ட்ரையல்ஸ்.

2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே நின்றும் போனது. இப்போது செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "நின்னுபோன வண்டிக்கு பார்ட்ஸ் கிடைக்குமா? கிடைச்சா எதை வாங்கணும்?"

கிடைக்கும். ஆனால் எந்த பார்ட் எந்த வண்டியோடு பொது, எது ட்ரையல்ஸுக்கு மட்டுமே உரியது என்று தெரியாமல் கடைக்குப் போனால் காசும் போகும், சில சமயம் பிரேக்கும் போகும். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், ட்ரையல்ஸ் என்றால் என்ன?

ட்ரையல்ஸ் என்பது ரேஸ் அல்ல. யார் முதலில் வருகிறார் என்பது கணக்கே இல்லை. பாறை, சேறு, ஓடை, மரக்கட்டை என்று போட்டு வைத்த பாதையை, கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒரு முறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் 3. வண்டி விழுந்தாலோ, பாதையை விட்டு வெளியே போனாலோ 5. குறைவான புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர்.

இதற்கென்றே செய்யும் பைக்குகளில் உட்கார சீட்டே இருக்காது, நின்றுகொண்டே ஓட்டுவார்கள். எடை சுமார் 70 கிலோதான். ஸ்பெயினைச் சேர்ந்த டோனி போ 2007-ல் உலக சாம்பியன் ஆனார். அதன் பிறகு தொடர்ந்து பதினைந்துக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்றிருக்கிறார்.

புல்லட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1948-ல் பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த புல்லட்டை இங்கிலாந்தில் முதலில் இறக்கிப் பார்த்தது ட்ரையல்ஸ் போட்டியில்தான். அந்தக் காலத்தில் போட்டி பைக்குகளில் பின் சஸ்பென்ஷன் அபூர்வம். ஸ்காட்லாந்தில் நடக்கும் புகழ்பெற்ற ஆறு நாள் ட்ரையல்ஸை ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் ஓட்டி ஜெயித்தார். அதே புல்லட்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருவொற்றியூர் ஆலையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

2019 மாடல் அந்தப் பழைய பெருமைக்கு ஒரு மரியாதை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தோற்றம் ட்ரையல்ஸ், உள்ளே இருப்பது கிளாசிக். எடையும் அசல் ட்ரையல்ஸ் பைக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பாறை மேல் ஏற்றும் வண்டி இல்லை இது. மண் ரோடு, வயல் வரப்பு ஓரம், மலைப்பாதை வரைக்கும் சரி.

எந்த பார்ட்ஸ் பொது, எது ஸ்பெஷல்?

ட்ரையல்ஸ் இரண்டு வகையாக வந்தது. 346 சிசி எஞ்சின் உள்ள 350, சிவப்பு ஃப்ரேம். 499 சிசி உள்ள 500, பச்சை ஃப்ரேம். 350-ல் கார்புரேட்டர், 500-ல் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். இரண்டிலும் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்.

எஞ்சின், கிளட்ச், கியர், பிரேக் போன்றவை பெரும்பாலும் அதே காலத்து கிளாசிக்கோடு பொதுவானவை. அதனால் உள் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. தேடி அலைய வைப்பது வெளிப் பாகங்கள்தான். மேலே தூக்கிய சைலன்சர், ஒற்றை சீட், பின் கேரியர், குட்டை மட்கார்டு, ஹேண்டில்பார். இவை ட்ரையல்ஸுக்கென்றே வந்தவை. விழுந்து நசுங்கினால் உடனே மாற்றுக் கிடைக்காது. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்த ஐந்தும் ஒரிஜினலாக இருக்கிறதா என்று பாருங்க.

கடையில் 'புல்லட் 350 பார்ட்' என்று கேட்கலாமா?

கேட்கக் கூடாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். புல்லட் 350 என்ற ஒரே பெயரில் மூன்று தலைமுறை எஞ்சின்கள் ஓடுகின்றன.

• பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி.

• யூ.சி.இ. எஞ்சின், 346 சிசி. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே பெட்டிக்குள். ட்ரையல்ஸ் 350-ல் இருப்பது இதுதான்.

• ஜே சீரீஸ் எஞ்சின், 349 சிசி. 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக்கிலும், 2023-ல் வந்த புதிய புல்லட்டிலும் இருப்பது.

346-க்கும் 349-க்கும் 3 சிசிதானே வித்தியாசம் என்று நினைத்தால் தப்பு. இரண்டும் வேறு வேறு எஞ்சின்கள். ஒன்றின் பிஸ்டனோ கிளட்சோ மற்றதில் உட்காராது. கடையில் "யூ.சி.இ., 346 சிசி, 2019 மாடல், டபுள் டிஸ்க், ஏ.பி.எஸ்." என்று முழுதாகச் சொல்லுங்க. இன்னும் நல்ல வழி, பழைய பார்ட்டையே கையில் எடுத்துப் போவது. அதைவிட நல்லது, பார்ட் நம்பரைக் குறித்து வைத்துக் கேட்பது.

500 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தபோது 500 சிசி எஞ்சினையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். 346 சிசி எஞ்சின் புல்லட்டில் 2023 வரை தொடர்ந்தது. அதனால் 350-க்கு பார்ட்ஸ் கிடைப்பது போல 500-க்கு எளிதாகக் கிடைப்பதில்லை. கிளட்ச் பிளேட், கேபிள், ஃபில்டர் போன்ற தேயும் பொருட்களை 500-காரர்கள் ஒரு செட் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

எளிய கணக்கு ஒன்று. வண்டியை நிறுத்துவது, உருட்டுவது, பிடித்து வைப்பது. இந்த மூன்று வேலை செய்யும் பாகங்களில் ஒரிஜினல் அல்லது பெயர் பெற்ற கம்பெனி பொருள் மட்டும். அழகுக்கான பாகங்களில் உங்க இஷ்டம்.

*நிறுத்துவது:* பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில், ஹோஸ்.

*உருட்டுவது:* டயர், டியூப், ஸ்போக்ஸ், ரிம், வீல் பேரிங், செயின் ஸ்ப்ராக்கெட்.

*பிடித்து வைப்பது:* கோன் செட், ஃபோர்க், ஸ்விங் ஆர்ம் புஷ், ஆக்ஸில், ஹேண்டில்பார்.

மிரர், கிரிப், இண்டிகேட்டர் கவர், சீட் கவர், கேரியர், டேங்க் ஸ்டிக்கர் போன்றவற்றில் லோக்கல் பொருள் போட்டால் பெரிய ஆபத்து இல்லை. போலி பிரேக் பேட் அப்படி இல்லை. காட்டூரில் இருந்து திருவெறும்பூர், பெல், துவாக்குடி பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். லாரியும் பஸ்ஸும் பக்கத்திலேயே ஓடும் சாலையில் பிரேக் இரண்டு அடி தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

போலி பார்ட்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேக்கிங்கில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம், புகார் எண் இருக்க வேண்டும். பார்ட் நம்பர் அச்சு மங்கலாகவோ, ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராகவோ இருந்தால் சந்தேகப்படுங்க. விலை எம்.ஆர்.பி.யில் பாதிக்கும் கீழே என்றால் இன்னும் சந்தேகப்படுங்க.

முக்கியமானது பில். பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்கு நியாயம் கேட்பது கஷ்டம். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

சென்னை ஜி.பி. ரோடு புதிய ஸ்பேர்ஸுக்கும், புதுப்பேட்டை பழைய ஸ்பேர்ஸுக்கும் பெயர் போனவை. திருச்சியில் இருந்து பலர் அங்கே போய்த் தேடுவது உண்டு. பழைய எஞ்சின் பார்ட் வாங்கினால், அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம்.

டயர்: கட்டை பேட்டர்ன் நல்லதா?

ட்ரையல்ஸில் முன் சக்கரம் 19 இன்ச், பின் சக்கரம் 18 இன்ச். இரண்டும் ஸ்போக்ஸ் வீல் என்பதால் உள்ளே டியூப் இருக்கும். டியூப்லெஸ் டயர் போல பஞ்சரானால் மெதுவாகக் காற்று இறங்காது, சட்டென்று இறங்கும். அதனால் தேய்ந்த டயரோடு ஓட்டுவது இதில் இரட்டை ஆபத்து.

கட்டை பேட்டர்ன் மண்ணில் நன்றாகப் பிடிக்கும். தார் ரோட்டில் சத்தம் வரும், நடுப்பகுதி சீக்கிரம் தேயும், மழையில் பிடிப்பு கொஞ்சம் குறையும். முக்கால்வாசி ஓட்டம் தார் ரோடுதான் என்றால், அதே சைஸில் ரோடு, மண் இரண்டுக்கும் பொதுவான பேட்டர்ன் போடுவது புத்திசாலித்தனம். சைஸை மட்டும் மாற்ற வேண்டாம். பெரிய டயர் போட்டால் மட்கார்டிலோ செயினிலோ உரசும்.

வாங்கும்போது டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2324 என்று இருந்தால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். கடையில் நாலைந்து வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று தலையில் கட்டிவிடுவார்கள். சட்டப்படி டூவீலர் டயரில் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது.

ட்ரையல்ஸ் போட்டியில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு இங்கேயும் காற்றை இறக்காதீங்க. அது 70 கிலோ வண்டி, நடக்கும் வேகம், அதற்கென்றே செய்த டயர். புல்லட்டில் அப்படிச் செய்தால் ரிம் நசுங்கும், டியூப் கிழியும். காற்றை மேனுவலில் உள்ள அளவுக்கு, வண்டி ஓட்டுவதற்கு முன், காலையில் செக் செய்யுங்க. திருச்சி வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

ஸ்போக்ஸ்: காதால் செக் பண்ணலாம்

சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் லேசாகத் தட்டுங்க. இறுக்கமாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும். தளர்ந்திருந்தால் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். ஒன்றிரண்டு தளர்ந்த ஸ்போக்ஸை விட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவை அதிகச் சுமை தாங்கி ஒவ்வொன்றாக உடையும். பிறகு ரிம் கோணலாகும்.

தளர்ந்ததை நீங்களே கண்டபடி முறுக்க வேண்டாம். ஒன்றை இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் இழுக்கும். வீல் பெண்ட் எடுக்கும் ஆளிடம் கொடுத்து முழுச் சக்கரத்தையும் சரிபார்ப்பதே முறை. பழைய வீல் செட் வாங்கிப் போட்டால், அதில் ஏ.பி.எஸ். சென்சார் ரிங் இருக்கிறதா என்று பாருங்க. அது இல்லாவிட்டால் ஏ.பி.எஸ். வேலை செய்யாது, மீட்டரில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

செயின் ஸ்ப்ராக்கெட்: மூன்றும் சேர்த்தே

பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்க. பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. பல் ஒரு பக்கமாக வளைந்து சுறா துடுப்பு மாதிரி இருந்தால் ஸ்ப்ராக்கெட் முடிந்தது.

செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றினால்தான் கணக்குக்குச் சரி.

செயின் தொய்வு பொதுவாக 25 முதல் 30 மி.மீ. ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும், ரொம்பத் தளர்ந்தால் கழன்று சக்கரத்தில் மாட்டும். சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறை துடைத்து லூப் போடுங்க. புழுதியில் ஓட்டினால் அதற்கு முன்பே.

பிரேக், கேபிள்: சின்னது, ஆனால் உயிர்

பிரேக் பேட் 1 மி.மீ. வரை தேயும்வரை காத்திருக்க வேண்டாம். இரும்பு உரசும் சத்தம் வந்த பிறகு போனால் பேடோடு டிஸ்க்கையும் மாற்ற வேண்டி வரும். புது பேட் போட்ட முதல் நூறு, நூற்றைம்பது கி.மீ. நிதானமாக ஓட்டுங்க. பேட் டிஸ்க்கோடு படிய நேரம் வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. ஈரம் சேர்ந்தால் சூட்டில் குமிழி வரும், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆகணும். டப்பாவில் டாட் 4 என்று இருக்கணும், சீல் உடைக்காததாக இருக்கணும். மெக்கானிக் கடையில் பாதி இருக்கும் பழைய டப்பா வேண்டாம்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் லீவர் பக்கம்தான் பிரியும். ஒரு இழை அறுந்தாலே மாற்றிவிடுங்க. தூரப் பயணம் போகிறவர்கள் பழைய கேபிளோடு புதியதையும் சேர்த்தே ஓட்டிக் கட்டி வைக்கும் பழக்கம் உண்டு. வழியில் அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும்.

ஆயில், ஃபில்டர், பெட்ரோல்

யூ.சி.இ. எஞ்சினில் ஹைட்ராலிக் டாப்பெட். பழைய புல்லட் போல அடிக்கடி டாப்பெட் அட்ஜஸ்ட் செய்யும் வேலை இல்லை. ஆனால் அது ஆயிலை நம்பி வேலை செய்கிறது. ஆயில் அழுக்கானாலோ குறைந்தாலோ 'டக் டக்' சத்தம் வரும்.

15டபிள்யூ-50 கிரேடு, டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று இருக்க வேண்டும். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இதில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது, கார் மாதிரி வெளியே அல்ல. 350-ல் ஸ்பார்க் பிளக் இரண்டு. மாற்றினால் இரண்டையும் மாற்றணும்.

லாரிப் புழுதி அதிகமுள்ள சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை மேனுவலில் சொன்னதைவிடச் சீக்கிரமே திறந்து பார்ப்பது நல்லது. அடைத்துக்கொண்டால் மைலேஜ் குறையும், இழுவை குறையும்.

இன்னொன்று, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2019 வண்டி அதற்காகச் செய்தது அல்ல. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்டில் விளக்கம் கொடுத்தது. பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பாருங்க. வெடிப்போ ஒட்டும் பிசுபிசுப்போ இருந்தால் உடனே மாற்றுங்க. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

சாதா புல்லட்டை ட்ரையல்ஸாக மாற்றினால் ஃபைன் வருமா?

வரும். ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சைலன்சரில் கை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் 190(2) பிரிவு தனி. முதல் முறைக்கே ₹10,000 வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு. ட்ரையல்ஸ் வண்டியிலேயே பின் சீட் போட நினைப்பவர்களும், ஆர்.சி.யில் எத்தனை பேர் உட்கார அனுமதி என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்க.

வாரம் ஒரு முறை, பத்தே நிமிடம்

• காற்று, டயரில் வெட்டு, ஆணி.

• ஸ்போக்ஸ் தட்டிப் பார்ப்பது.

• செயின் தொய்வு, லூப்.

• பிரேக் லீவர் அழுத்தம், ஆயில் மட்டம், பேட் கனம்.

• முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்புங்க. நடுவில் சிக்கினால் கோன் செட் போய்விட்டது.

• பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்க. ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ்.

• ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு.

• சைலன்சர் வளைவில் துரு, எல்லா போல்ட்டும் இறுக்கம்.

தேங்கிய மழைத் தண்ணீரில் ஓட்டிய அன்று, வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை பிடித்துக் காய வையுங்க, செயினைத் துடைத்து லூப் போடுங்க. வீல் பேரிங்கில் தண்ணீர் இறங்கினால் அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து சத்தமாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. டூல் பாக்ஸில் சின்ன நோட்டு ஒன்று வையுங்க. எந்த பார்ட், பார்ட் நம்பர், தேதி, எத்தனை கி.மீ.யில் மாற்றியது என்று எழுதுங்க, பில்லையும் போட்டோ எடுத்து வையுங்க. உற்பத்தி நின்ற வண்டிக்கு அடுத்த முறை கடையில் போய் நிற்கும்போது அந்த நோட்டு கை கொடுக்கும். வண்டியை விற்க வேண்டி வந்தாலும், வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.